இரண்டு கோர்ட்டிலும் நின்றவள்

பெரியகுளத்தில் மே மாதம் என்றால் இரண்டு விஷயம்: மாம்பழம், பாஸ்கெட்பால். மலையடிவாரத் தோப்புகளில் காய் இறங்கும் அதே நாட்களில்தான் ஊரில் அகில இந்தியப் போட்டி நடக்கும். அப்பா தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பவர். பகல் முழுக்கப் பெட்டியில் வைக்கோல் பரப்பிக் காய் அடுக்கிவிட்டு, மாங்காய்ப் பால் பட்டுக் கறுத்த கையோடு ராத்திரி என்னையும் தம்பியையும் கேலரிக்குக் கூட்டிப் போவார். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கடற்படை என்று பெரிய அணிகள் வரும். விளக்கு வெளிச்சத்தில் ஆறரை அடி மனிதர்கள் எகிறிப் பந்தைப் போடுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் தூக்கம் வராது. நான் பார்த்ததெல்லாம் ஆண்கள் ஆட்டம்தான். அதைப் பார்த்துத்தான் ஆடக் கற்றுக்கொண்டேன்.

இப்போது மதுரையில் வழக்கறிஞர். 2009-இல் பதிவு செய்தேன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் படிக்கும் பெண் பிள்ளைகள் யாராவது மாதம் ஒருமுறையாவது போன் செய்து, "அக்கா, டிகிரி முடிச்சுட்டு லா படிக்கலாமா, விளையாட்டு அங்க உதவுமா?" என்று கேட்கிறார்கள். போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கல்லூரியில் எனக்குக் கட்டணம் இல்லை, ஹாஸ்டல் வாடகை இல்லை, மெஸ் பில் இல்லை. பதிலுக்குக் காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்க வேண்டும். மரத்தளம் எல்லாம் கிடையாது, சிமென்ட் தரை. விழுந்தால் முட்டியில் தோல் போகும். முதல் ஒன்றரை வருடம் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தேன். இரண்டாம் வருடக் கடைசியில் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவள், ஆனேன், மூன்றாம் வருடம் கேப்டன். ஒரு இறுதி ஆட்டத்தில் 27 புள்ளி எடுத்தபோது உள்ளூர்ப் பதிப்பில் போட்டோ வந்தது. அம்மா அதை வெட்டிக் காலண்டருக்குப் பின்னால் ஒட்டி வைத்தாள். அந்தக் காலண்டர் மாறினாலும் படம் அடுத்த காலண்டருக்குப் போகும்.

எங்கள் கோச் சாருக்கு ஃப்ரீ த்ரோதான் உயிர், எதிரணி ஃபவுல் செய்தால் கோட்டில் நின்று யாரும் மறிக்காமல் எறிவது. தினமும் ஆளுக்கு நூறு. "லே-அப்ப எவளாவது தடுத்துடுவா. த்ரீ பாயிண்ட் அன்னைக்குக் கை வந்தாத்தான். ஃப்ரீ த்ரோவுல உன்னை யாரு தடுக்கா? அதை விட்டுட்டு வந்து என்கிட்ட காரணம் சொல்லாத" என்பார். மூன்று முறை பந்தைத் தட்டி, ஒரு மூச்சு விட்டு, ரிங்கின் முன் விளிம்பைப் பார்த்து எறிய வேண்டும். ஆட்டத்தில் ஆயிரம் பேர் கத்தினாலும் அதே மூன்று தட்டு, அதே மூச்சு. இந்த நூறு எறிதலைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் வக்கீல் தொழிலில் எனக்கு அதிகம் உதவியது அதுதான்.

நான் வக்கீல் ஆனதற்கு ஒரு காகிதம் காரணம். கேப்டனாக இருந்தபோது ஓர் ஆட்டத்தில் ஒரு புள்ளியில் தோற்றோம். மூன்றாவது கால் பகுதியில் நான் போட்ட ஒரு பாஸ்கெட் ஸ்கோர் ஷீட்டில் ஏறவே இல்லை. ஷீட்டில் 1, 2, 3 என்று அச்சிட்டிருக்கும் ஓடும் ஸ்கோரில், பாஸ்கெட் விழுந்தால் அந்தப் புள்ளி எண்ணின் மேல் சாய்கோடு போட்டு, பக்கத்தில் வீராங்கனையின் எண்ணை எழுத வேண்டும். அப்போதெல்லாம் பனியன் எண் 4-இலிருந்து 15 வரைதான். என் எண் 7. அந்த இடத்தில் ஏழைக் காணோம். எங்கள் பிள்ளைகள் அழுதுகொண்டு மேஜையைச் சுற்றி நின்று கத்தினார்கள். கோச் சார் என்னை மட்டும் இழுத்து, ஷீட்டின் அடியில் ஒரு கட்டத்தைக் காட்டினார். முறையீடு இருந்தால் கேப்டன் கையெழுத்துப் போடுவதற்கான கட்டம். மூன்று வருடம் ஆடியும் அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. "கத்துனா காத்தோட போயிரும். கையெழுத்துப் போட்டு எழுதிக் குடு" என்றார்.

ஒரு பள்ளிக்கூட நோட்டுத் தாளில் எழுதினேன். எந்தக் கால் பகுதி, எத்தனை நிமிடம் பாக்கி இருந்தது, யார் பாஸ் கொடுத்தது, எந்த நடுவர் இரண்டு விரல் காட்டினார் என்று வரிசையாக எழுதினேன். முறையீடு தள்ளுபடி ஆனது. பாஸ்கெட் விழுந்த உடனே நாங்கள் யாரும் மேஜையில் சரி பார்க்கவில்லை என்றார்கள், அது உண்மைதான். ஆனால் அந்தத் தாளை வாசித்த பெரியவர் தலை நிமிர்ந்து, "இதை எழுதினது நீயா?" என்று கேட்டார். 27 புள்ளி எடுத்த அன்று கிடைக்காத ஒரு சந்தோஷம் அந்தக் கேள்வியில் இருந்தது. அன்று ராத்திரி பஸ்ஸில் எல்லாரும் தூங்க, நான் அந்தத் தாளில் இன்னும் எதை எழுதியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

மூட்டு போனது 2005 டிசம்பரில், தென் மண்டலப் பல்கலைக்கழகப் போட்டியில். யாரும் இடிக்கவில்லை. ஓடி வந்து நின்று திரும்பினேன், வலது முட்டிக்குள் ஏதோ 'டப்' என்று கேட்டது. ஏ.சி.எல். என்கிற, முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்து வைக்கும் தசைநார் கிழிந்திருந்தது. பெண்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிட அதிகம் வருகிறது என்பதையும், குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடியாமல் பார்த்துக்கொள்ளும் பயிற்சிகளால் அதைக் கணிசமாகக் குறைக்கலாம் என்பதையும் ஆபரேஷனுக்குப் பிறகு பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆடுகிற பிள்ளைகள் வாரம் மூன்று நாள் அதற்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

அப்போது ஒரு வங்கி அணியின் தேர்வுக்கு எனக்கு அழைப்பு வந்திருந்தது. எங்கள் தலைமுறைக்கு அதுதான் கனவு. ரயில்வே, வங்கி, போலீஸ், வருமான வரித்துறை என்று எதிலாவது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஏறிவிட்டால் குடும்பம் கரை சேர்ந்துவிடும். தொடைத் தசையிலிருந்து நாண் எடுத்து முட்டியில் வைத்துத் தைத்துவிட்டு, திரும்ப ஓட ஒன்பது மாதம் ஆகும் என்றார்கள். தேர்வு மூன்று மாதத்தில். தவறிப்போனது.

காயம் இல்லாமல் வேலை கிடைத்திருந்தால் லா பக்கமே வந்திருக்க மாட்டேன் என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கேட்கிற பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வதும் இதைச் சார்ந்ததுதான். முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வழக்கறிஞராகத் தொழில் செய்ய, வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி அனுமதிப்பதில்லை. "வேலையில சேர்ந்துக்கிட்டு, சைடுல கேஸ் நடத்தலாம்ல அக்கா?" என்கிறார்கள். முடியாது. ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையும் கறுப்புக் கோட்டும் ஒன்றாகப் போகாது. வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பி இருப்பவர்கள் இருந்தால், வேலையை விட்டு இதற்கு வரச் சொல்ல எனக்கு வாய் வராது.

அப்பாவிடம் லா படிக்கிறேன் என்றபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வக்கீலுக்கு எப்ப சம்பளம் வர ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். தோப்புக் குத்தகைக்காரரின் கேள்வி அது. நட்டால் எத்தனை வருடத்தில் காய்க்கும் என்பதுதான் அவர் கணக்கு. "அஞ்சு வருஷம் ஆகும்பா" என்றேன். "ஒட்டு மாவே அதுக்குள்ள காய்ச்சிரும்" என்றார். ஆனாலும் பணம் கட்டினார்.

லா சேர்வதில் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடங்கள் இரண்டு. ஒன்று மதிப்பெண். மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர டிகிரியில் பொதுவாக 45 சதவீதம் வேண்டும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40. பாஸ் பண்ணினால் போதும், சீட்டுதான் விளையாட்டில் கிடைத்துவிட்டதே என்று மூன்று வருடத்தை ஓட்டியவர்கள் 42, 43-இல் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். என்னுடன் ஆடியவர்களில் மிக நன்றாகப் பேசக்கூடிய ஒருத்தி அப்படித்தான் நின்றாள். இன்னொன்று வருகைப் பதிவு. கலைக் கல்லூரியில் போட்டிக்குப் போனால் ஓ.டி. (ஆன் டியூட்டி) என்று வருகை போட்டுச் சமாளித்துவிடுவார்கள். சட்டப் படிப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் 70 சதவீதம் வருகை வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. வருடத்தில் நாற்பது நாள் போட்டி, நாற்பது நாள் கேம்ப் என்று இருப்பவர் சேரும் முன்பே காலண்டரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நான் மதுரை அரசு சட்டக் கல்லூரியில் படித்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. முட்டியைச் சரி செய்தேன், பாடத்தைப் படித்தேன். வக்கீலாகத் தொழில் செய்ய எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வு எங்கள் பேட்ச்சுக்கு அடுத்த பேட்ச்சிலிருந்துதான் கட்டாயமானது. ஜூனியராகச் சேர்ந்தபோது சீனியர் மாதம் இரண்டாயிரம் கொடுத்தார், சில மாதம் பஸ் செலவுக்கு மட்டும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்று அதுதான் வழக்கம். இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பதிவுக் கட்டணத்தைச் சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்தான் என்று அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த இரண்டு எண்ணையும் தெரிந்து வைத்துக்கொண்டு சீனியரிடம் போங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

முதல் வருடம் நின்றுகொண்டே இருந்தேன். கோர்ட் ஹாலில் ஜூனியருக்கு நாற்காலி கிடைப்பது அபூர்வம். பதினோரு மணிக்கு முட்டி வீங்க ஆரம்பிக்கும். புடவைக்குள் எலாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு, ஒரு காலில் எடையை மாற்றி மாற்றி, நின்ற இடத்திலேயே தொடைத் தசையை இறுக்கி விடுவேன், பத்து எண்ணி. பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்த அந்த ஒன்றரை வருடம் இங்கேதான் கைகொடுத்தது. பெஞ்சில் இருக்கும்போது கோச் சார் திடீரென்று திரும்பி, "அவங்க அஞ்சாம் நம்பருக்கு எத்தனை ஃபவுல்?" என்று கேட்பார். தெரியாவிட்டால் அன்றைக்கு இறங்க முடியாது. அதே பழக்கத்தில் மற்றவர்கள் கேஸையும் கவனித்தேன். எந்த நீதிபதி எந்தக் கேள்வியை முதலில் கேட்கிறார், எந்தச் சீனியர் எங்கே நிறுத்துகிறார் என்று ஒரு சின்ன டைரியில் குறித்தேன். தன் கேஸ் முடிந்ததும் கேன்டீனுக்குப் போய்விடும் ஜூனியர்களைவிட இரண்டு வருடத்தில் எனக்கு அதிகம் தெரிந்திருந்தது.

இப்போது அந்த நூறு எறிதல். கோர்ட்டிலும் எதிராளி தடுக்க முடியாத வேலைகள் இருக்கின்றன. வக்காலத்தில் கையெழுத்துச் சரியாக இருக்கிறதா, சம்மன் அனுப்பப் பேட்டா கட்டியாச்சா, உத்தரவின் நகலுக்கு மனு போட்டாச்சா, ரிட்டர்ன் ஆன பேப்பரைக் குறை தீர்த்துத் திரும்பக் கொடுத்தாச்சா, இதிலெல்லாம் உன்னை யாரும் மறிப்பதில்லை. செக் கேஸை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் இல்லை என்று வங்கி மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்தபின் 15 நாள் எதிராளிக்கு அவகாசம். அது தாண்டினால் ஒரு மாதத்துக்குள் புகார் மனு. இந்தக் கடைசிக் கெடுவைத் தவறவிட்டால் எப்பேர்ப்பட்ட வாதத் திறமையும் தாமத மன்னிப்பு மனுவில்தான் போய் முட்டும். நான் ஒவ்வொரு கேஸ் கட்டின் மேலட்டையிலும் பென்சிலில் மூன்று தேதி எழுதுவேன்: காலக்கெடு, அதற்குப் பத்து நாள் முந்திய தேதி, அதற்கும் பத்து நாள் முந்தியது. மூன்று தட்டு. அதற்கப்புறம்தான் மூச்சு.

உதவியது இவ்வளவு. காயப்படுத்தியதையும் சொல்கிறேன்.

2013-இல் எனக்குத் தனியாக வந்த கேஸ்களில் ஒன்று அது. இட்லிக் கடை வைத்திருந்த ஓர் அம்மா, வட்டிக்கு ஐம்பதாயிரம் வாங்கும்போது கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக்கைக் கொடுத்திருந்தார். கடன் கொடுத்தவர் அதில் மூன்று லட்சம் என்று எழுதி வங்கியில் போட்டுவிட்டார். செக் கேஸில் சட்டம் முதலில் செக் வைத்திருப்பவர் பக்கம் நிற்கும். கடன் இருந்தது என்றே அனுமானிக்கும். அதை உடைக்க ஒரு வழி, மூன்று லட்சம் கொடுக்க அந்தக் கடன்காரருக்கு, அதாவது கடன் கொடுத்தவருக்கு, வசதியே இல்லை என்று காட்டுவது. குறுக்கு விசாரணையில் நன்றாகத்தான் போனது.

"வருமான வரி கட்டுறீங்களா?"

"இல்லை."

"மூணு லட்சத்தை எந்த வங்கியில இருந்து எடுத்தீங்க?"

"கையில இருந்தது."

"அதுக்குக் கணக்கு எதுவும் வச்சிருக்கீங்களா?"

"இல்லை."

அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்குத் தேவையான மூன்று பதிலும் பதிவாகிவிட்டன. ஆனால் எதிரே இருப்பவன் தடுமாறுகிறான், நடுவில் இடைவெளி தெரிகிறது. மைதானத்தில் அப்படி ஓர் இடைவெளி தெரிந்தால் என் கால் தானாக உள்ளே பாயும். பின்னால் நான்கு வக்கீல்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியும். கேட்டேன்: "அப்ப கணக்கே இல்லாத பணம் எங்கிருந்துதான் வந்துச்சு?"

"என் வீட்டுக்காரம்மா பங்கு நிலத்தை வித்தோம். பத்திரம் இருக்கு."

அடுத்த வாய்தாவில் பத்திரம் வந்தது. தேதியும் பொருந்தியது. ஆறு மாதச் சிறை, மூன்று லட்சம் இழப்பீடு என்று தீர்ப்பு வந்தது. தண்டனையை நிறுத்தி வைக்க 60,000 கட்டச் சொன்னது அப்பீல் கோர்ட். இப்போது செக் கேஸ்களுக்கான சட்டத்தின் 148-ஆவது பிரிவிலேயே இழப்பீட்டில் குறைந்தது 20 சதவீதம் கட்டச் சொல்லலாம் என்று இருக்கிறது, 2018-இல் வந்த திருத்தம். அன்று அது நீதிமன்றத்தின் முடிவு.

அந்த அம்மா கோர்ட் வராந்தாவில் என் முன்னாலேயே காதில் இருந்த தோட்டைக் கழற்றினார். கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, பக்கத்தில் சாத்தியிருந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை ஒடித்து, இரண்டு துண்டாக்கி, ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்கக் காதில் செருகிக்கொண்டார். முகத்தில் கோபமே இல்லை. என் கையைப் பிடித்து, "நீ என்னம்மா பண்ணுவ. நல்லாத்தான் பேசுன" என்றார்.

நல்லாத்தான் பேசுன. ஆட்டம் முடிந்து கேலரியில் இருந்து வருகிற பாராட்டு அது. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் என் ஆட்டத்தை ஆடியிருக்கிறேன், தோற்றது அவர். மைதானத்தில் தோற்றால் தோல்வி என்னுடையது. அழலாம், மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து நூறு எறிந்து அதைத் தீர்த்துக்கொள்ளலாம். இங்கே நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவேன். காதில் ஈர்க்குச்சியோடு மாவாட்டப் போவது இன்னொருவர். விளையாட்டு எனக்குக் கற்றுக்கொடுத்த எல்லாவற்றிலும் இந்தப் பாடம் மட்டும் இல்லை. இருக்கவும் முடியாது.

அப்பீல் நிலுவையில் இருக்கும்போதே சமரசம் பேசும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் 1,30,000-க்குப் பேசி முடித்தோம். செக் கேஸை எந்தக் கட்டத்திலும் சமரசம் செய்துகொள்ளலாம். அதை முதல் நாளே நான் முயன்றிருக்க வேண்டும். ஏன் முயலவில்லை? ஆடாமல் டிரா செய்வது எனக்குப் பிடிக்காது. பாஸ்கெட்பாலில் டிராவே கிடையாது, சமன் ஆனால் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆடியாக வேண்டும். இருபது வயது வரை உடம்பில் ஊறியது அது. இப்போது எந்தக் கட்சிக்காரர் வந்தாலும், ஜெயிக்க வாய்ப்பிருக்கிறதா என்று பார்க்கும் முன், தோற்றால் இவர் எதை விற்பார் என்று கேட்கிறேன். தோற்றால் விற்க ஒன்றும் இல்லாதவர் என்றால் வாதத்தைக் கட்டி வைத்துவிட்டு எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போன் போடுவேன்.

குறுக்கு விசாரணைக்கும் ஒரு முறை வைத்துக்கொண்டேன். கேள்விகளைத் தாளில் எழுதி, எது கடைசி என்று அதன் அடியில் கோடு போட்டுவிடுவேன். கோட்டுக்குக் கீழே எதுவும் கேட்பதில்லை, எவ்வளவு பெரிய இடைவெளி தெரிந்தாலும். கை துறுதுறுக்கும். பேனாவை மூடி உட்கார்ந்துவிடுவேன்.

இன்னொரு பழக்கத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. விசில் ஊதினால் வாதாடக் கூடாது, திரும்பி டிஃபென்ஸுக்கு ஓடு என்று பழகியவள் நான். நடுவரிடம் கேப்டன் மட்டும்தான், அதுவும் மரியாதையாக, கடிகாரம் நின்றிருக்கும்போது கேட்கலாம். நீதிபதி ஒன்றை மறுத்தால் உடனே தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். மனநிலைக்கு நல்லது, கேஸுக்கு ஆபத்து. ஆட்சேபணை அங்கேயே, அப்போதே பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் மேல்கோர்ட்டில், "கீழே இதைக் கிளப்பினீர்களா?" என்று கேட்பார்கள். ஏறாத அந்த ஏழாம் எண் எனக்கு முன்பே சொன்ன பாடம்தான்.

அமெரிக்காவில் லென் எல்மோர் என்று ஒருவர், அவரும் பாஸ்கெட்பால் ஆடிவிட்டு வக்கீலானவர். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் சென்டர். 1974 மார்ச்சில் தங்கள் லீகின் இறுதி ஆட்டத்தில், ஏழடிக்கும் மேல் உயரமான டாம் பர்ல்சனை எதிர்த்து ஆடி, கூடுதல் நேரத்தில் 103–100 என்று நார்த் கரோலினா ஸ்டேட்டிடம் தோற்றார்கள். அன்றைய விதிப்படி லீகுக்கு ஓர் அணிதான் தேசியப் போட்டிக்குப் போக முடியும். நாட்டின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்று வீட்டுக்குப் போனது. ஜெயித்த அணி அந்த ஆண்டு தேசியக் கோப்பையையே வென்றது. அந்த அநியாயம் எல்லார் கண்ணிலும் பட, மறு ஆண்டே போட்டியை 32 அணிகளாக விரித்து, ஒரு லீகிலிருந்து ஒன்றுக்கு மேல் வரலாம் என்று மாற்றினார்கள். எல்மோர் பத்து சீசன் தொழில்முறையாக ஆடிவிட்டு, 1984-இல் முப்பத்திரண்டு வயதில் நிறுத்தி, ஹார்வர்டு சட்டப் பள்ளியில் சேர்ந்து 1987-இல் முடித்தார். பிறகு புரூக்ளினில் அரசுத் தரப்பு வழக்கறிஞராக வேலை பார்த்தார். அவர் கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஹார்வர்டு அல்ல. மேரிலாந்துக்கு அந்த விதித் திருத்தம் ஒரு வருடம் தாமதமாக வந்தது என்பதுதான். தோற்றவர்களுக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை, பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது. அரசின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் வழக்குகளில் இது அடிக்கடி நடக்கும். அதைக் கட்சிக்காரரிடம் ஆறுதலாகச் சொல்லக் கூடாது என்பதையும் கற்றிருக்கிறேன்.

இப்போது என்னிடம் வரும் கேஸ்களில் ஒரு பகுதி விளையாட்டுச் சான்றிதழ் சம்பந்தப்பட்டவை. மத்திய அரசு வேலைகளின் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குப் படிவங்கள் உண்டு: சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, மாநில அணியில் தேசியப் போட்டி ஆடியதற்குப் படிவம் 2, பல்கலைக்கழகத்துக்குப் படிவம் 3, பள்ளிக்குப் படிவம் 4. கையில் மெடல் இருக்கும், பளபளவென்று லேமினேட் செய்த சான்றிதழ் இருக்கும், படிவம் இருக்காது. அல்லது கொடுத்த சங்கத்துக்கே அங்கீகாரம் இருக்காது. ஆடுகிற பிள்ளைகளே, போட்டி முடிந்த அந்த மாதத்திலேயே படிவத்தில் உரிய அதிகாரியின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். ஐந்து வருடம் கழித்துப் போனால் செயலாளர் மாறியிருப்பார், ரிஜிஸ்தர் இருக்காது. லேமினேட் செய்ய வேண்டாம், பின்பக்கம் சீல் வைக்கச் சொல்வார்கள். அணிப் பட்டியல், அடையாள அட்டை, ஸ்கோர் ஷீட்டின் போட்டோ, எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

போன மாதம் அப்படி ஒரு பெண். அவளும் கார்டுதான். வேலைக்குத் தேர்வாகி, சான்றிதழ் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டவள். ரிட் மனு போட்டோம். காலை பதினொன்றே காலுக்குத் தள்ளுபடி ஆனது. எழுந்து, இரண்டு விஷயத்தைப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

வெளியே வந்தபோது அவள் ஒத்தக்கடைப் பக்கம் யானைமலையைப் பார்த்தபடி மரத்தடியில் நின்றிருந்தாள். அவள் அப்பா கொஞ்சம் தள்ளி, வேட்டி நுனியைப் பிடித்தபடி. டீ வாங்கிக் கொடுத்தேன். "கவலைப்படாதே", "நல்லா வாதாடினோம்", இரண்டையும் நான் சொல்லவில்லை. டம்ளர் காலியாகும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் அவளே கேட்டாள், "இனி என்னக்கா?"

"ரிட் அப்பீல் போடலாம். ரெண்டு நீதிபதி கேப்பாங்க. நகல் மனு இப்பத்தான் போட்டுட்டு வந்தேன்."

"எத்தனை நாளைக்குள்ள போடணும்?"

"முப்பது."

கட்டின் மேலட்டையை அவள் பக்கம் திருப்பி, பென்சிலை நீட்டினேன். அவள் முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணி, மூன்று தேதியையும் எழுதினாள்.